ஓடைப் பொன்: எங்கே தோண்டுவது என்பதை வெள்ளம் சொல்லும்

கரையை நீர் அரிக்கிறது என்கிறோம். அரிசியில் கல் அரிப்பது என்கிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். ஓடையில் பொன் தேடும் வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். மலையை நீர் அரித்துக் கொண்டுவந்ததை நீங்கள் தட்டில் மறுபடி அரிக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து அடுக்களையில் உட்புறம் வரிவரியாகப் பள்ளம் கீறிய அரிக்கன் சட்டியில் அரிசி அரித்தவர்களுக்குப் பொன் தட்டு புதிய கருவியே அல்ல. அங்கே கனமான கல் வரிகளில் தங்கும், அரிசி வெளியேறும். இங்கே பொன் தங்கும், மணல் வெளியேறும்.

புதியவர்கள் தட்டை ஆட்டப் பழகுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அது ஒரு வாரத்தில் வந்துவிடும். எந்த இடத்து மண்ணைத் தட்டில் போடுவது என்பதுதான் கடினம். அதற்கு விடை இன்று கணுக்காலளவு ஓடும் தெளிந்த நீரில் கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம்தான் பொன்னை நகர்த்துகிறது. அந்த வெள்ளம் எங்கே வலுவிழந்தது என்று கண்டுபிடிப்பதே வேலை.

இந்தக் கட்டுரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து ஓடைகளை வைத்து எழுதப்பட்டது. 1851-இல் அங்கே பொன் வேட்டை தொடங்கியது. பீச்வொர்த், பிரைட், வால்ஹல்லா, வாரண்டைட் பகுதிகளின் ஓடைகளில் இன்றும் மக்கள் தட்டோடு இறங்குகிறார்கள்.

இறங்குவதற்கு முன்

விக்டோரியாவில் 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதி வேண்டும். ஒருமுறை வாங்கினால் 10 ஆண்டு செல்லும். அது இருந்தால் கிடைக்கும் பொன் உங்களுடையது. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த ஓடையிலும் இறங்கிவிட முடியாது. தேசியப் பூங்காக்களில் பொதுவாக அனுமதி இல்லை. சில மாநிலப் பூங்காக்களில் குறித்துவிட்ட பகுதிகளில் மட்டும் உண்டு. பல ஆறுகளும் ஓடைகளும் விலக்குப் பட்டியலில் உள்ளன. தனியார் நிலமானால் உரிமையாளரின் சம்மதம் தேவை. மாநில அரசின் 'ஜியோவிக்' இணைய வரைபடத்தில் உங்கள் ஓடையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தோண்டக் கைக்கருவி மட்டும்தான், இயந்திரம் கூடாது. தோண்டிய குழியை மூடுவது கட்டாயம். பழங்குடியினரின் கற்கருவிகளோ பிற தடயங்களோ தென்பட்டால் தொடாமல் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

பொன் ஏன் அங்கே தங்குகிறது

பொன்னின் அடர்த்தி 19.3. இயற்கைப் பொன்னில் வெள்ளி கலந்திருப்பதால் இதைவிடச் சற்றுக் குறையும். வெண்கல்லான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. காற்றில் எடை போட்டால் வித்தியாசம் ஏழு மடங்குதான். நீருக்குள் இரண்டும் தம் பருமனுக்கான நீரின் எடையை இழந்துவிடுவதால் 18.3-க்கு 1.65 என்றாகிறது. அதாவது 11 மடங்கு. நீர் நமக்குச் செய்யும் முதல் உதவி இது.

இரண்டாவது உதவி வெள்ளத்தில் நடக்கிறது. வெள்ளம் வலுக்கும்போது ஓடையின் அடிச் சரளை முழுவதும் அசைந்து தளர்கிறது. பயறு நிரம்பிய டப்பாவைக் குலுக்கினால் சிறு கற்கள் அடியில் சேர்வது போலப் பொன்துகள்கள் இடுக்குகள் வழியே கீழே இறங்குகின்றன. அசையாத ஒன்று தடுக்கும்வரை இறங்கிக்கொண்டே போகும். அது அடிப்பாறையாக இருக்கலாம், கெட்டியான களிமண் அடுக்காக இருக்கலாம், இரும்புக் கறையில் இறுகிய சரளையாகவும் இருக்கலாம். களிமண் அடுக்கைத் தொட்டதும் "பாறைக்கு வந்துவிட்டோம்" என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அந்த அடுக்கின் மேல் முகத்தைச் சுரண்டித் தனியாக அரித்துப் பாருங்கள். பிறகு அதைத் துளைத்துக் கீழே இறங்குங்கள். இரண்டு இடத்திலும் பொன் இருக்கலாம்.

பொன் பிரிந்து வந்த மூலப்பாறை அருகில் இருக்கிறதா என்பதைத் துகளே சொல்லும். முரட்டு விளிம்போடும் வெண்கல் ஒட்டிக்கொண்டும் இருந்தால் அது அதிக தூரம் உருளவில்லை. வழவழப்பான செதிளாகத் தட்டையாகியிருந்தால் நெடும்பயணம் செய்து வந்தது.

ஓடையை அளத்தல்

தோண்டும் ஆசையை முதல் நாள் அடக்கிக்கொள்ளுங்கள். கீழிருந்து மேல்நோக்கி 300 மீட்டராவது நடந்து பாருங்கள். மூன்று அளவுகள் வேண்டும்.

முதலாவது, வெள்ளக்கோடு. கரையோர மரக்கிளைகளில் சிக்கிய சருகு, புல், குச்சிகள் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பார்த்து, ஓடையின் அடியிலிருந்து அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது, சரிவு. கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் ஒன்று போதும். 10 மீட்டர் டியூபில் தண்ணீர் நிரப்பி, மூன்று முறை தொடர்ந்து வைத்து 30 மீட்டருக்கு ஓடையின் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 30 செ.மீ. இறங்கினால் சரிவு 1 சதவீதம். மூன்றாவது, ஓடையில் கிடக்கும் பெரிய கற்களின் குறுக்களவு.

இப்போது ஒரு சிறு கணக்கு. வெள்ள ஆழத்தைச் செ.மீ.யில் எடுத்து, சரிவுச் சதவீதத்தால் பெருக்கி, 8-ஆல் வகுங்கள். அந்த வெள்ளம் உருட்டத் தொடங்கும் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ அவ்வளவு செ.மீ. எடுத்துக்காட்டாக ஆழம் 80 செ.மீ., சரிவு 2 சதவீதம் என்றால் விடை 20 செ.மீ. இது படுகையின் மீது நீர் செலுத்தும் இழுவிசையிலிருந்து வரும் கணக்கு. சரிவு 3 சதவீதத்தைத் தாண்டிய செங்குத்தான ஓடைகளில் பெரும்பாறைகளே நீரின் வேகத்தைத் தின்றுவிடும். அங்கே இந்தக் கணக்கு உண்மையைவிட மிகையாகக் காட்டும்.

இதனால் என்ன பயன்? மேற்சொன்ன ஓடையில் 20 செ.மீ.க்குட்பட்ட கற்கள் ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் இடம் மாறுகின்றன. அவற்றின் அடியில் சேர்ந்த பொன்னும் கலைந்துபோகும். அதே ஓடையில் 60 செ.மீ. குண்டுக்கல் ஒன்று அடியில் பாதி புதைந்து கிடந்தால், அது பல வெள்ளங்களைப் பார்த்துவிட்டது. அதன் நிழலில், அதாவது நீரோட்டம் நேரே மோதாத பின்பக்கத்தில், பல ஆண்டுப் பொன் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கல்லின் மேல் காய்ந்த பாசியும் மரப்பட்டையில் காண்பது போன்ற சாம்பல் நிறப் படர்வும் இருந்தால் அது நகரவில்லை என்பதற்குச் சாட்சி. நீருக்கடியில் வழுக்கும் பச்சைப் பாசியை நம்பாதீர்கள். அது சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும்.

எங்கே தளர்கிறது வெள்ளம்

வளைவில் தொடங்குங்கள். நீர் வளையும்போது மேற்பரப்பு நீர் வெளிக்கரையில் மோதிக் குவிந்து அடிக்கு இறங்குகிறது. அங்கே கரையை அரித்து, தரையோடு குறுக்கே ஓடி, அரித்ததில் ஒரு பகுதியை உள்கரைப் பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் வெளிக்கரையில் செங்குத்து மண்சுவரும் மடுவும் இருக்கின்றன, உள்கரையில் மணல்திட்டு வளர்கிறது. புதியவர்கள் அந்தத் திட்டின் நடுவிலோ கீழ்முனையிலோ உட்கார்ந்து மிருதுவான மணலை அள்ளுகிறார்கள். அது வெள்ளம் வடியும்போது கடைசியாகப் படிந்த மணல், பொன் அரிதாகவே இருக்கும். திட்டின் மேல்முனைக்குப் போங்கள். வெள்ளம் திட்டில் ஏறும் அந்த இடத்தில்தான் கனமானது முதலில் விழுகிறது. அங்கே கற்கள் பெரியவையாகவும், ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் இருக்கும். மேல் விளிம்புகள் கீழ்நீரோட்டப் பக்கம் சாய்ந்திருந்தால், அவற்றை வேகமான நீர் அடுக்கி இறுக்கியிருக்கிறது என்று பொருள்.

அதே மேல்முனையில், மேலுள்ள ஓரங்குலச் சரளையைத் தனியாக அரித்துப் பாருங்கள். 'வெள்ளப் பொன்' எனப்படும் மெல்லிய செதிள்கள் அங்கே கிடைக்கலாம். ஒவ்வொரு வெள்ளமும் இதைப் புதுப்பிக்கும். அளவு சொற்பம்தான். ஆனால் மேலே எங்கோ பொன் இருக்கிறது என்பதற்கு அது உறுதியான செய்தி.

குண்டுக்கல்லைச் சுற்றியும் இரு வேறு இடங்கள் உள்ளன. நீரை எதிர்கொள்ளும் முன்பக்கத்தில் சுழல் தோண்டிய பிறைவடிவப் பள்ளம் இருக்கும். பின்பக்கத்தில் அமைதியான நிழல் இருக்கும். நிழலில் அடி வரை தோண்டுங்கள். மணலாகவே வந்தால் நேரத்தை வீணாக்காமல் நிறுத்திவிடுங்கள். முட்டையளவுக் கற்களும் துருப்பிடித்த ஆணி, ஈயக்குண்டு, பழைய நாணயம் போன்றவையும் தட்டுப்பட்டால் தொடருங்கள். ஈயம் தங்கிய இடத்தில் பொன்னும் தங்கும்.

விக்டோரியாவின் பொன் ஓடைகள் பல, களிப்பாறை அடுக்குகள் செங்குத்தாக நிற்கும் நிலத்தில் ஓடுகின்றன. அடுக்குகள் ஓடைக்குக் குறுக்காக ஓடினால் அது இயற்கையே செய்துவைத்த அரிக்கன் சட்டி. அடுக்குகள் நீரோட்டத்துக்கு இணையாக இருந்தால் இடுக்குகளை வெள்ளம் கழுவித் துடைத்துவிடும், அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பளபளவென்று உருண்டையாகக் குடைந்த பாறைக்குழிகளும் அப்படித்தான். பார்க்க ஆசை காட்டும். உள்ளே கற்கள் சுழன்று அரைக்கும் இடம் என்பதால் பெரும்பாலும் வெறுங்குழி. அருவி விழும் கசத்தின் நடுவிலும் கொதிக்கும் நீர் எதையும் தங்க விடாது. கசம் முடிந்து நீர் அகன்று ஆழம் குறையும் வாயிலில் பாருங்கள்.

செங்குத்து ஓடை திடீரெனச் சமனாகும் இடம், குறுகிய பள்ளத்தாக்கு அகலும் இடம், கிளை ஓடை வந்து சேர்ந்ததற்குச் சற்றுக் கீழே உள்ள இடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் எல்லாவற்றிலும் ஒன்றே. ஓட்ட வேகம் இரு மடங்கானால் நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய விதி. திருப்பிச் சொன்னால், வேகம் கொஞ்சம் குறைந்தாலே நீர் பெருஞ்சுமையைக் கீழே போட்டுவிடும்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். ஓடை காலப்போக்கில் தன் படுகையை ஆழமாக அரித்துக்கொண்டு இறங்கும்போது, பழைய படுகை பக்கவாட்டில் படிக்கட்டு போல உயரத்தில் நின்றுவிடும். மலைச்சரிவில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் இருந்தால் அது முன்னாள் ஓடை. அதன் அடியில் உள்ள பாறை முகத்தில் மாதிரி எடுங்கள். கரைச்சுவரைக் குடைந்து உள்ளே போவது மட்டும் கூடவே கூடாது. ஈரச்சரளைச் சுவர் சத்தமில்லாமல் சரியும். அதோடு நீங்கள் குடைந்த கரையை அடுத்த மழை தின்று, ஓடை முழுவதையும் சேறாக்கும்.

மனிதர் செய்த அரிப்பு

1850-களிலிருந்து இந்த ஓடைகளை மனிதர் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து மண்மேடுகளைக் கரைத்தார்கள். கரைந்த சேறும் மணலும் கீழே இறங்கிப் பள்ளத்தாக்குகளை நிரப்பின. ஆகவே சமவெளிப் பகுதியில் இன்று நீங்கள் காணும் படுகை அசல் படுகையே அல்லாமல் இருக்கலாம். பழையது பல அடி ஆழத்தில் புதைந்து கிடக்கும். அங்கே கைக்கருவியால் பாறையை எட்டுவது நடக்காது, மேற்பகுதிக்குப் போங்கள்.

வாரண்டைட் அருகே பவுண்ட் பெண்ட் என்னுமிடத்தில் 1870-இல் யாரா ஆற்றின் வளைவை 145 மீட்டர் சுரங்கத்தால் குறுக்கே வெட்டி, சுமார் 5 கிலோமீட்டர் படுகையை வறண்டுபோகச் செய்து பொன் தேடினார்கள். பீச்வொர்த்துக்கு மேற்கே எல்டொராடோவில் 1936 முதல் 1954 வரை ரீடி ஓடைப் பள்ளத்தாக்கை மிதவை இயந்திரம் ஒன்று தோண்டிப் பொன்னும் வெள்ளீயக் கனிமமும் எடுத்தது. அந்த இயந்திரம் இன்றும் அங்கே குளத்தில் நிற்கிறது. இப்படி இயந்திரம் புரட்டிய நிலத்தில் மேற்சொன்ன நீரோட்ட அடையாளங்கள் செல்லாது. கற்குவியல்கள் ஒழுங்கான வரிசைகளாக இருந்தால் அது மனிதர் கொட்டியது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பழைய வேலைகளின் இன்னொரு எச்சம் பாதரசம். பொன்துகள் வெள்ளிப் பூச்சோடு இருந்தால் அதைச் சூடாக்காதீர்கள். ஆவி நஞ்சு. தனிப் புட்டியில் நீருக்கடியில் மூடி வையுங்கள். பழைய சுரங்கக் கழிவு மண்ணில் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும், ஆகவே கை கழுவாமல் சாப்பிட வேண்டாம்.

மாதிரி எடுத்தல்

தேவையானவை: 35 செ.மீ. பிளாஸ்டிக் தட்டு, 10 லிட்டர் வாளி இரண்டு, 12 மி.மீ. மற்றும் 4 மி.மீ. கண் உள்ள சல்லடைகள், சிறு மண்வெட்டி, கடப்பாரை, கரணை, நீண்ட திருப்புளி, வளைத்த தேக்கரண்டி, பெயின்ட் பிரஷ், உறிஞ்சுபுட்டி, காந்தம், நோட்டுப் புத்தகம்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு எடுங்கள். 12 மி.மீ. சல்லடையில் சலித்த பின் ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளலாம். இடத்துக்கு இடம் அளவு மாறினால் ஒப்பிடவே முடியாது. ஒரு திட்டுக்கு ஐந்து குழிகள் போதும்: மேல்முனையில் இரண்டு, நடுவில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று, நீரோரத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் மேலடுக்கையும் அடியையும் தனித்தனியாக அரித்து, துகள் எண்ணிக்கையை எழுதுங்கள். மேலே 2, அடியில் 9 என்றால் இன்னும் ஆழம் போகலாம். இரண்டிலும் 1 என்றால் இடம் மாறுங்கள்.

பாறை இடுக்கில் வேலை செய்யும்போது மேல் மணலை நீக்கிவிட்டு, அடியில் பசை போலிருக்கும் மண்ணைத் திருப்புளியால் சுரண்டி, பிரஷால் கடைசித் துளி வரை கூட்டி எடுங்கள். பொன் அந்தக் கடைசி ஒரு செ.மீ.யில் இருக்கும். பாறையின் மேல் வெள்ள மட்டத்தில் வளர்ந்த காய்ந்த பாசியும் நுண்பொன்னைப் பிடித்துவைக்கும்.

எதிர்பார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அரை மி.மீ. அகலமும் 0.1 மி.மீ. தடிப்பும் உள்ள ஒரு செதிள் அரை மில்லிகிராம் கூட இருக்காது. ஒரு கிராமுக்கு 2,000-க்கு மேல் வேண்டும்.

தட்டும் அரிபெட்டியும்

தட்டை முக்கால் அளவு நிரப்பி நீருக்குள் அமிழ்த்துங்கள். களிமண் கட்டிகளை விரலால் முழுமையாகக் கரைத்துவிடுங்கள். கரையாத களி உருண்டை பொன்னை ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். தட்டை மட்டமாகப் பிடித்து இடம் வலமாக 20 வினாடி வேகமாகக் குலுக்குங்கள். பிறகு வரிகள் உள்ள பக்கம் தாழும்படி சாய்த்து, நீரில் முக்கி எடுத்து மேல் மணலைக் கழுவிவிடுங்கள். நாலைந்து முறை முக்கியதும் மறுபடி மட்டமாக்கிக் குலுக்க வேண்டும். இதை மறப்பதால்தான் பெரும்பாலோர் பொன்னை இழக்கிறார்கள். நுண்செதிள் மிதந்தால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும், நீரின் மேற்பரப்புப் பிடி விட்டுவிடும். இந்தக் கடைசிக் கட்டத்தை வாளியில் செய்யுங்கள், ஓடையில் சோப்பு கலக்க வேண்டாம்.

கை பழகியதா என்று சோதிக்க, கடுகளவு ஈயத்துண்டுகள் பத்தைத் தட்டித் தட்டையாக்கி, வீட்டுத் தொட்டியில் மணலோடு கலந்து அரித்துப் பாருங்கள். குறைந்தது ஒன்பது திரும்ப வர வேண்டும். ஈயம் பொன்னைவிட லேசு என்பதால், ஈயத்தைப் பிடிக்கும் கை பொன்னை விடாது.

நல்ல இடம் கிடைத்தால், அடியில் குறுக்கு வரிகள் வைத்து ஓட்டத்தில் இருத்தும் சிறு நீள்பெட்டியான அரிபெட்டி வேலையை விரைவாக்கும். 90 செ.மீ. பெட்டிக்கு மேல்முனை கீழ்முனையைவிட 7 அல்லது 8 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். வரிகளுக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. நீர் ஓட வேண்டும். வரிகளுக்குள் மணல் இறுகி நிரம்பினால் சாய்வோ நீரோ போதவில்லை. வரிகள் சுத்தமாகத் தரை தெரியக் கிடந்தால் வேகம் அதிகம். வரிக்குப் பின்னால் கரும்மணல் பிறை போலத் தங்கி, சிறு கற்கள் நிற்காமல் உருண்டு போவதே சரியான நிலை. பெட்டியைவிட்டு வெளியேறும் மண்ணை அரைமணிக்கு ஒருமுறை தட்டில் அரித்துப் பாருங்கள். அதில் பொன் தெரிந்தால் கரணை கரணையாகப் போடும் வேகத்தைக் குறையுங்கள்.

கரும்மணலில் காந்தத்தில் ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ரீடி ஓடைப் பகுதியில் காந்தத்தில் ஒட்டாமல் கனமாகத் தங்கும் பழுப்பு, கறுப்பு மணிகள் வெள்ளீயக் கனிமம். அடர்த்தி 7, அதனால் தட்டிலிருந்து எளிதில் போகாது. பொறுமையாகச் சிறு அளவுகளாகப் பிரியுங்கள். வெயிலில் மின்னி நிழலில் மங்குவது மைக்கா. பொன் நிழலிலும் அதே மஞ்சள்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு

மேல்மலையில் இடி கேட்டாலோ நீர் திடீரெனக் கலங்கினாலோ உடனே கரையேறுங்கள். கருவிகள் போகட்டும். வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பிறகே திரும்புங்கள். எல்லா வெள்ளமும் பொன் கொண்டுவராது. காட்டுத்தீ எரித்த மலையில் முதல் பெருமழை சாம்பலும் சேறும் மணலுமாக இறங்கி, நல்ல இடுக்குகளைக்கூட ஆழமாக மூடிவிடும். அத்தகைய ஓடை அந்த மணலைக் கழுவித் தள்ள ஓரிரு மழைக்காலம் தேவைப்படலாம். மாறாக, தெளிவான காட்டோடையில் வந்த வெள்ளம் முன்பு மூடியிருந்த பாறையைத் திறந்துவிட்டிருந்தால், முதலில் அங்கே போங்கள்.

குழியை மூடும்போது பெரிய கற்களை அடியிலும் சரளையை மேலேயும் போட்டு மிதித்து இறுக்குங்கள். தளர்வாக விட்டால் சாதாரண மழையே அதைக் கிளறி ஓடையைக் கலக்கும். கரையில் உள்ள ஒரு நிலையான பாறையிலிருந்து குழிக்கு எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த வெள்ளம் போன பின் அதே ஐந்து இடங்களில் அதே ஒரு வாளி எடுத்து எண்ணிப் பாருங்கள்.